கோட்டின் இடது கை

மார்ச் 4

தம்பிக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த ஐந்து அட்டைகளும் கிடைத்தன. அச்சகத்துக்காரர் நல்ல கெட்டித் தாளாகப் போட்டிருக்கிறார். எழுத்தும் கண்ணை உறுத்தாமல் இருக்கிறது. அட்டையில் இருக்கும் விஷயம்தான் சரியில்லை.

உன் மகள், அதுதான் நம் வீட்டு டீச்சர், வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வீட்டுக் கைவேலைகளுக்குக் கண்காட்சி வைக்கிறார்கள், அதில் நம் வீட்டுச் சாமான்களையும் வைக்க டீச்சர் ஆசைப்படுகிறாள். நல்லதுதான். ஆனால் ஐந்து அட்டையிலும் 'என் பாட்டி தன் கையால் செய்தது' என்று அச்சடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் "பார்த்துச் சொல் அக்கா" என்கிறாயே, அச்சடிப்பதற்கு முன்னால் கேட்கத் தோன்றவில்லையா?

முயல் பொம்மையை விட்டுவிடு. அது அவள் செய்தது. ஒட்டுத்துணிப் போர்வை, மேஜை விரிப்பு, சமையல் நோட்டு, கோட் ஆகிய நான்கும் நான் செய்தவை.

நோட்டுக்கு 'பாட்டியின் கையெழுத்தில்' என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருக்கிறாய். படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. பாட்டிக்கு எழுதத் தெரியாது. அறுபத்திரண்டு வயதில் இதை உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தையும் அந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாட்டிக்குக் கண் தெரியாது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாம் அந்த வீட்டுக்குப் போனோமே, அந்த வருஷம் கண் நன்றாகத் தெரிந்தது. உனக்கு ஐந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. அடுத்த வருஷம் மங்கியது. எனக்குப் பதினான்கு ஆனபோது வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும்தான் தெரியும். அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். முக்கியமாக உன்னிடம். நீ தெருவில் உளறிவிடுவாய், தைக்கக் கொடுப்பவர்கள் நின்றுவிடுவார்கள், அடுப்பு எரியாது. அவள் போய் நாற்பத்தொன்பது வருஷம் ஆகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. நீ அட்டை அடித்ததால் திறக்கிறேன்.

'என் அக்கா செய்தது' என்று நான்கு அட்டை புதிதாக அடி. கண்காட்சி ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதிதானே, நேரம் இருக்கிறது.

போனில் கூப்பிடாதே. போனில் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். எழுத்தில் இருந்தால் பிறகு இல்லை என்று சொல்ல முடியாது.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். டீச்சரிடம் காட்டவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தாறு வருஷம் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். ஒரு தாளில் இருப்பதை நம்புவதற்கு முன் மறு தாளையும் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பாட்டி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தைப்பார். மூக்கில் கண்ணாடி இருக்கும். ஊசி மேலே போகும், கீழே வரும். இதை நான் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆறு வருஷம் பார்த்திருக்கிறேன். காலையில் செய்தித்தாள் பார்ப்பார். நான் சேற்றுக் காலோடு வாசலில் நிற்கும்போதே, "அங்கயே நில்லு, கால கழுவிட்டு வா" என்பார். ஒருமுறை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "ரெண்டாவது பட்டன் எங்கடா?" என்று கேட்டார். கண் தெரியாதவருக்கு இரண்டாவது பட்டன் இல்லாதது எப்படித் தெரியும்?

கோபப்படாதே அக்கா. பாட்டியின் தையல் மெஷின் உன்னிடம் இருக்கிறது. கத்தரி உன்னிடம். அந்த வீட்டையும் நீயே எடுத்துக்கொண்டாய், நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கென்று பாட்டியிடமிருந்து வந்தது இந்த ஐந்து சாமான்தான். எனக்குக் கல்யாணமாகி அவற்றை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "எடுத்துட்டுப் போடா, பாட்டி நெனப்பா வெச்சுக்கோ" என்று சொன்னது நீதான். உன் வாயால் சொன்னாய். அப்போது ஏன் சொல்லவில்லை?

இப்போது அவற்றையும் உன்னுடையது என்கிறாய். அப்படியானால் எனக்குப் பாட்டி என்று யார் இருந்தார்?

எழுதிவிட்டேன். கிழிக்காமல் அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

வீட்டை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் இருந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

ஊசி மேலே போனது, கீழே வந்தது, பார்த்தேன் என்கிறாய். பார்த்திருப்பாய். அந்த ஊசியில் நூல் இருந்ததா என்று பார்த்தாயா? படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மடியில் ஒரு துணியை எடுத்துப் போட்டுக்கொள்வாள். வெறும் ஊசியால் குத்திக் குத்தி எடுப்பாள். வருஷக்கணக்கில் அதே துணிதான். திரைக்கு உள்பக்கம் உட்கார்ந்து நான் தைத்துக்கொண்டிருப்பேன்.

செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துவிடப் போகிறாளே என்று நான்தான் மடித்துக் கையில் கொடுப்பேன். நீ சேற்றில் விளையாடி வந்தால் தெருமுனையிலேயே நாறும், அதற்குக் கண் எதற்கு? அந்த இரண்டாவது பட்டன் காலையிலேயே அறுந்திருந்தது. நீ போனதும் அவளிடம் சொன்னேன். அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்து சாயங்காலம் உன்னிடம் எடுத்துவிட்டாள். அவள் கெட்டிக்காரி இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றால்தான் அளவெடுப்பாள். டாக்டர் வீட்டம்மா எல்லோரிடமும் சொல்வார், "பாட்டியம்மாவுக்கு டேப்பே வேணாம், தொட்டுப் பாத்தே அளவு சொல்லிடுவாங்க, அப்படி ஒரு கை." நான் திரைக்குள் அந்தம்மாவின் ரவிக்கைக்கு ஓரம் மடித்துக்கொண்டே இதைக் கேட்பேன்.

அவள் தையல் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்குலத்துக்குப் பன்னிரண்டு. நூல் நுனியில் முடிச்சுப் போடமாட்டாள், முதல் இரண்டு தையலைத் திருப்பிப் போட்டு இறுக்குவாள். அது மாறினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நான் அவளைப் போலவே தைக்க வேண்டும். முடித்ததும் கட்டைவிரல் நகத்தால் தையல்மேல் தடவுவாள். பதினொன்று இருந்தால், "பிரி." பதிமூன்று இருந்தால், "பிரி." நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த துணியைத் தள்ளுவாள். எனக்கென்று ஒரு தையல் வருவதற்குள் அதைப் பிரித்துப் போட்டாள்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. பிறகு நான் படித்ததெல்லாம் துணி சுற்றி வந்த காகிதத்தில். நீ ஹாஸ்டலுக்குப் போய்ப் படித்தாய். அதை நான் குறை சொல்லவில்லை. குறை சொல்வதாக நீ எடுத்துக்கொண்டால், சொல்கிறேன்தான்.

அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டாயே. அன்று நீ போர்வையை மூக்கில் வைத்து மோந்துகொண்டு நின்றாய், உன் புதுப் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுகூட இல்லாமல். அந்த மூஞ்சியிடம் எப்படிச் சொல்வது?

நான் கேட்பது நான்கு அட்டை. அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. என் அறையில் மேஜைமேல் நோட்டையும் உன் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். உன் கையெழுத்துதான். இத்தனை வருஷமும் எனக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று? வருஷத்துக்கு இரண்டு கடிதம் உன்னிடமிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

நோட்டை முதலிலிருந்து படித்தேன். நாற்பத்தோரு குறிப்புகள். ஒன்றில்கூட நிறம் வரவில்லை. மற்ற சமையல் புத்தகங்களில் 'பொன்னிறமாக' என்று பக்கத்துக்கு இரண்டு தடவை வரும். இதில், 'வெங்காயம் சத்தம் குறையும்வரை வதக்கு.' 'ரொட்டியின் அடியில் தட்டினால் காலிப் பெட்டிபோல் கேட்க வேண்டும்.' 'ஜாம் கரண்டியிலிருந்து சொட்டக்கூடாது, விழ வேண்டும்.' இதையெல்லாம் டீச்சர் சின்னவளாக இருந்தபோது எத்தனை பெருமையாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். "பாட்டி எப்படி எழுதியிருக்காங்க பாரு, யாராவது இப்படி எழுதுவாங்களா?" எழுதியது நீ. சொன்னது அவர். அப்படியானால் இது யார் செய்தது? அட்டையில் என்ன போடுவது?

இன்னொன்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டி என் முகத்தை இரண்டு கையாலும் தடவுவார். நெற்றி, மூக்கு, தாடை. தினமும். அந்த மாதிரி என்னை யாரும் தொட்டதில்லை என்று என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன், அதற்கு அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாரா? அது பாசமா, பார்வையா? இரண்டாகவும் இருக்குமா? உனக்குத் தெரிந்தால் எழுது. உன் முகத்தையும் அப்படித் தடவுவாரா?

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அத்தை சொல்றதையே போட்டுடலாமேப்பா, இதுல என்ன குழப்பம்?" என்கிறாள். அவளுக்கு முப்பது வயது. குழப்பம் என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது.

ஐந்தையும் பார்சலில் உனக்கே அனுப்பியிருக்கிறேன். நீ தைத்ததில் சிவப்பு நூலும் பாட்டி தைத்ததில் வெள்ளை நூலும் கட்டி அனுப்பு. நீ கட்டுவதுபோல் அட்டை அடிக்கிறேன். கேள்வி கேட்கமாட்டேன்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

பார்சல் வந்தது. போர்வையை மெஷினில் போட்டுச் சோப்புத்தூளில் துவைத்தது யார்? கேள்வி கேட்கமாட்டேன் என்று நீ எழுதினாய், நான் எழுதவில்லை. நீலக் கட்டமெல்லாம் சாம்பலாகிவிட்டது.

என் முகத்தைத் தடவியதில்லை. என் முகம் அவளுக்குத் தெரியும், நான் எப்போதும் பக்கத்திலேயேதான் இருந்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு காரணம் இருந்தால் எனக்குத் தெரியாது.

வந்த அன்றே நான்கிலும் சிவப்பு நூல் கட்டினேன். கட்டிப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். கடையில் பள்ளிச் சீருடைகள் மலைபோல் கிடக்கின்றன. அதை விட்டுவிட்டுப் போர்வையை வெட்டும் மேஜைமேல் விரித்தேன்.

போர்வையை ஆரம்பித்தது அவள். நடுவில் உள்ள சில கட்டங்கள் அவளுக்குக் கண் இருந்தபோது போட்டவை. எங்கே அவள் நிறுத்தினாள், எங்கே நான் தொடங்கினேன் என்று பார்த்து, அந்த இடத்தில் வெள்ளை நூலும் கட்டலாம் என்று நினைத்தேன். நியாயமாக இருக்கட்டும் என்றுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நகத்தால் தடவிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் பன்னிரண்டு. எல்லா நூலிலும் இரண்டு தையல் திருப்பிப் போட்டிருக்கிறது.

மேஜை விரிப்பின் நீலப் பூக்கள் நான் போட்டவை என்று நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னலோரம், மடியில் வெயில், பக்கத்தில் எலுமிச்சைத் தோல் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் ஜன்னலோரம் அவள் இடம். என்னை யாரும் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக அங்கே நான் உட்காரவே கூடாது. பிறகு என் மடியில் எப்படி வெயில் விழுந்தது? அவள் தைப்பதை நான் பார்த்தேனா, நான் தைத்தேனா?

ஐம்பத்தைந்து வருஷமாக இந்தத் தொழில். அடுத்த தெரு டெய்லர் போட்ட தையலையும் என் தையலையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதைச் சொல்ல முடியவில்லை. பல்பு சரியில்லை. கண்ணாடிக் கடைக்காரர் கொடுத்த புதுக் கண்ணாடியும் சரியில்லை.

போர்வையிலும் விரிப்பிலும் கட்டிய சிவப்பு நூலை அவிழ்த்துவிட்டேன். நோட்டிலும் அவிழ்த்தேன், பிறகு கட்டினேன், பிறகு அவிழ்த்தேன்.

கோட்டில் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கவும் மாட்டேன். தாத்தாவின் கறுப்பு ஓவர்கோட்டைப் பிரித்து, வெட்டி, ஹாஸ்டலில் உனக்குக் குளிருமே என்று ஒன்பது நாளில் நான் தைத்தது அது. எல்லாம் கைத்தையல், அந்தக் கெட்டித் துணியை அந்த மெஷின் வாங்காது. வளர்கிற உடம்பு என்று கை நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டி வைத்தேன். நீ அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். விரல் நுனிகூடத் தெரியவில்லை. நான் கீழே நின்று கையசைத்தேன், பஸ் திரும்பும்வரை. மற்றவற்றில் யார் வேண்டுமானாலும் பங்கு கேட்கட்டும். இது நான் செய்தது. இதற்காவது அட்டை சரியாக இருக்க வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதலாமா, பேசாமல் கோட்டுக்கு உன் அட்டையை அடித்துவிடலாமா என்று ஒரு முழு நாள் யோசித்தேன். டீச்சர்தான் சொன்னாள், "மறைச்சு மறைச்சுத்தானேப்பா இவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று. அதனால் எழுதுகிறேன்.

நான் பஸ் ஏறின அன்று நீ வரவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நீ வீட்டில் இல்லை. பட்டன் கடையம்மா வீட்டில் இருந்தாய். ஏனென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "அக்கா எங்க பாட்டி?" என்று கேட்டேன். "வருவா. நீ சாப்பிடு" என்றார். அன்று காலை கோட்டை எனக்குப் போட்டு, பட்டன்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தொட்டு மாட்டிவிட்டது பாட்டி. பிறகு நானும் அவருமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

நான் தப்பாகவும் நினைவு வைத்திருக்கலாம். பக்கத்திலேயே ஆறு வருஷம் இருந்து பாட்டிக்குக் கண் தெரியாது என்பதே தெரியாமல் இருந்தவன் நான். என் சாட்சிக்கு என்ன மதிப்பு?

ஆனால் அந்த நடை நினைவிருக்கிறது. பாட்டி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் தொலைந்துபோய்விடுவேன் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று எனக்கு வெட்கமாக இருந்தது, பதினொரு வயதுப் பையன் இல்லையா. இப்போது யோசித்தால், அன்று யார் யாரைக் கூட்டிப்போனது? நான் பஸ் ஏறிப் போன பிறகு அவர் எப்படி வீட்டுக்குத் திரும்பினார்? இரண்டு பெரிய தெருக்களைத் தாண்ட வேண்டும். இந்த இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். காய் வாங்கப் போனால் பை இல்லாமல் போய் நிற்கிறேன்.

என்மேல் கோபப்படு. ஆனால் பதில் எழுது.

அன்புத் தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததும், பதினொரு வயதில் உனக்கு என்ன தெரியும், முயலைக் கட்டிக்கொண்டு தூங்கியவன், சாட்சி சொல்ல வந்துவிட்டாயா என்று ஒரு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. நீ சொல்வது தப்பு என்று காட்டிவிட்டு அனுப்பலாம் என்று கோட்டின் லைனிங்கைப் பிரித்தேன். உள்பக்கம் யாரும் பார்க்காத இடம், அங்கே தையல் பொய் சொல்லாது.

வலது கையை முதலில் பார்த்தேன். கறுப்பு நூல். பன்னிரண்டு. சந்தேகமே இல்லை.

இடது கையை உடம்போடு சேர்த்திருப்பது பச்சை நூலால்.

விளங்குகிறதா? கறுப்புக் கோட்டில் இலைப் பச்சை. தையல் ஓரிடத்தில் அங்குலத்துக்கு ஐந்து, அடுத்த இடத்தில் ஒன்பது. போன வழியிலேயே திரும்பி வந்திருக்கிறது. ஒரு இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டுத் தையல், போட்டோமா இல்லையா என்று சந்தேகப்பட்டதுபோல. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஐம்பத்தொரு வருஷம் எவனுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

தினமும் காலையில் பத்து ஊசியில் நூல் கோத்து ஊசிமெத்தையில் குத்தி வைப்பது என் வேலை. அவளால் கோக்க முடியாது. கொக்கி, பட்டன் என்று தொட்டுத் தொட்டுச் செய்கிற சின்ன வேலைகளுக்கு அந்த ஊசிகளை எடுத்துக்கொள்வாள். நான் வீட்டைவிட்டுப் போன அன்று காலையில் ஒரு பச்சைத் திரைச்சீலைக்காகப் பத்தையும் பச்சையில் கோத்து வைத்திருந்தேன். அவள் எதை நினைத்து எடுத்தாளோ. பத்து ஊசி நூலும் தீர்ந்துபோயிருக்கிறது. அக்குளுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குத் தையலே இல்லை, வெறும் துணி. அதன்மேல் லைனிங்கை எப்படியோ இழுத்து, பட்டனுக்கென்று முன்பே கோத்துக் கிடந்த ஊசியின் மிச்ச நூலால் பிடித்திருக்கிறாள். அங்கே உனக்குக் குளிர் ஏறியிருக்கும். நீ சொன்னதே இல்லை.

நான் ஏன் போனேன் என்றும் எழுதுகிறேன். கடையம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்.

அந்த இடது கையை மூன்று தடவை பிரிக்கச் சொன்னாள். மூன்று தடவையும் பிரித்தேன். நான்காவது தடவை அவள் நகத்தை வைத்தபோது கடையம்மா கொக்கிப் பெட்டியோடு வாசலில் நின்றிருந்தார். நான் கோட்டைப் பிடுங்கி எறிந்தேன். "குருடிக்கு எதுக்கு இந்த வீம்பு? எந்தக் கை எப்படி இருந்தா உனக்குத் தெரியவா போகுது?" என்றேன். உரக்கச் சொன்னேன். கடையம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "வா, எங்க வீட்டுக்கு வா" என்று என்னைக் கூட்டிப்போனார். நான்காவது தடவை நான் போட்ட தையலை அவளே பிரித்துவிட்டு மறுபடி தைத்திருக்கிறாள்.

தப்பு என்று நான் எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். நாலு வருஷம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் உன் வாயிலும் அதுதான் வந்திருக்கும்.

அவள் எப்படித் திரும்பினாள் என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் நின்று ரொட்டியின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "உக்காரு, சூடா இருக்கு" என்றாள். நானும் உட்கார்ந்தேன். கோட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கோட் இல்லையே, யார் முடித்தார்கள் என்று எனக்கு ஏன் கேட்கத் தோன்றவில்லை? அல்லது கேட்டேனா? நான்தான் முடித்தேன் என்று எந்த வருஷத்திலிருந்து நினைக்க ஆரம்பித்தேன்?

நான் கையசைத்தது எந்தப் பஸ்ஸுக்கு? அடுத்த வருஷம் விடுமுறை முடிந்து போனாயே, அதுவா? அப்போது கோட் போட்டிருந்தாயா? எனக்கு அந்தக் கை தெரிகிறது, விரல் நுனி மறைந்த கை. அதை எங்கே பார்த்தேன்?

ஒன்று கேட்கிறேன். அன்று கூட இருந்தது நீதான். பஸ் ஸ்டாண்டில் அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை. உள்ளபடி எழுது. எனக்காக இட்டுக்கட்டினால் கண்டுபிடித்துவிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றும் சொல்லவில்லை.

ஏதாவது சொல்லியிருப்பாரா என்று நேற்றெல்லாம் உட்கார்ந்து யோசித்தேன். மூன்று நல்ல வாக்கியங்கள் தோன்றின. மூன்றையும் நானே இட்டுக்கட்டினேன் என்று எனக்கே தெரிந்ததால் எழுதவில்லை. "ஹாஸ்டல்ல சாப்பாட்ட வீணாக்காத" என்றார். "பெட்டி மேல கண்ணு இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அக்குளில் குளிர் ஏறியது உண்மை. ஏதோ கிழிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஹாஸ்டலில் அதைச் சொன்னால் கோட்டை வாங்கி யாரிடமாவது தைக்கக் கொடுத்துவிடுவார்கள், வேறு யாரும் அதைத் தொட எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உண்டு. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை, உள்ளபடி எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாராவது நடந்து வரும் சத்தம் கேட்டால் பாட்டி முகத்தைத் திருப்புவார். அந்தக் காலடி எங்களைத் தாண்டிப் போனதும் முகம் நேரே வந்துவிடும். மறுபடி யாராவது வந்தால் மறுபடி திருப்புவார். பஸ் வருகிறதா என்று பார்க்கிறார் என்றே நான் நினைத்தேன். அரை மணி நேரம் அப்படி இருந்திருப்போம்.

ஆனால் பஸ் நாங்கள் போவதற்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது அக்கா. எங்களுக்கு நேர் எதிரே. "பாட்டி, ஏறட்டுமா?" என்று நான் இரண்டு முறை கேட்டேன். "இரு, இன்னும் கொஞ்சம் இரு" என்றார்.

அட்டைகளுக்கு என்ன செய்வது என்று நீ சொல். அச்சகத்துக்காரர் தினமும் போன் செய்கிறார்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ இட்டுக்கட்டவில்லை என்று தெரிகிறது.

அந்த இரண்டு விரல் இடத்தைத் தைத்துவிடலாம் என்று நேற்று கறுப்பு நூல் கோத்தேன். கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சீருடை வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றோம்மா" என்று போய்விட்டார்கள். தைக்கவில்லை.

முயலுக்கு நீ அடித்த அட்டையே இருக்கட்டும். போர்வை, விரிப்பு, நோட்டு மூன்றுக்கும் 'என் பாட்டியும் என் அக்காவும் செய்தது' என்று அடி. பாட்டியை முதலில் போடு. அவள் மூத்தவள் என்பதால் மட்டும்தான், வேறு எதற்காகவும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சோப்புத்தூள் விஷயத்தையும் நான் மறக்கவில்லை.

கோட்டுக்கு அட்டை வேண்டாம். இருபத்தொன்றாம் தேதி நான் அங்கே வருகிறேன், ஐந்தையும் கொண்டுவருகிறேன். என்னைக் கூட்டிப்போக நீ வராதே, வழி கேட்டுக்கொண்டு வரத் தெரியும். கோட்டை லைனிங் இல்லாமல், உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மாட்ட வேண்டும். அதற்குத் தகுந்தபடி ஒரு கம்பி வைக்கச் சொல். டீச்சரிடம் எனக்கு ஒரு நாற்காலியும் கேள். கண்காட்சி முடியும்வரை நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள். ஒரு கையில் கறுப்பு நூல், இன்னொரு கையில் ஏன் பச்சை நூல் என்று கேட்பார்கள். கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அக்கா